சிறையிலிருந்து போர்முனைக்கு: தம்பி கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஐயா, என் தம்பிக்கு 26 வயது. வெல்டிங் வேலைக்காக ஒரு முகவர் மூலம் ரஷ்யா போனான். தங்கியிருந்த விடுதியில் ஒருநாள் இரவு கூட வேலை பார்ப்பவர் ஒருவரோடு வாய்த்தகராறு. தம்பி அவரைப் பிடித்துத் தள்ள, அவர் படிக்கட்டில் விழுந்து தலையில் பலத்த அடி. நான்கு மாதமாகத் தம்பி விசாரணைக் காவலில் இருக்கிறான். எட்டு வருடம் வரை கிடைக்கலாம் என்று அங்கே அரசு நியமித்த வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். போன வாரம் அவருடைய கைப்பேசியிலிருந்து இரண்டு நிமிடம் பேசினான். ராணுவத்திலிருந்து ஆட்கள் வந்து ரஷ்ய மொழியில் ஒரு காகிதம் காட்டினார்களாம். கையெழுத்துப் போட்டால் வழக்கு போய்விடும், ஒரு வருடம் உக்ரைன் போரில் இருந்தால் போதும், சம்பளமும் அந்த நாட்டுக் குடியுரிமையும் உண்டு என்றார்களாம். கூட இருக்கும் கைதிகள் ஆறே மாதம்தான் என்கிறார்களாம். 'மறுபடியும் வருவார்கள், என்ன சொல்லட்டும் அக்கா' என்று கேட்டான். எட்டு வருடம் உள்ளே கிடப்பதற்கு ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வரட்டும் என்கிறார் அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை. வழக்கு நிஜமாகவே போய்விடுமா? ஒரு வருடத்தில் விடுவார்களா? இதற்குள் அவன் கையெழுத்துப் போட்டிருந்தால் எங்களால் ஏதாவது செய்ய முடியுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பியிடம் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். அவர் கையெழுத்துப் போட வேண்டாம். இந்தியத் தூதரக அதிகாரி ஒருவர் வந்து அவரைப் பார்க்கும்வரை எந்தக் காகிதத்திலும் போட வேண்டாம். 'பெயரை மட்டும் எழுது', 'மருத்துவப் பரிசோதனைக்கு மட்டும் ஒரு கையெழுத்து' என்று கேட்டாலும் வேண்டாம். அடுத்த முறை இரண்டு நிமிடம்தான் கிடைக்கும் என்றால் இதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

உங்கள் அப்பா மீது எனக்குக் கோபமில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விசாரணைக் கைதிகளுக்காக வழக்காடி வருகிறேன். மகன் உள்ளே இருக்கும்போது 'எப்படியாவது வெளியே வந்தால் போதும்' என்று நினைக்காத தகப்பனை நான் பார்த்ததில்லை. ஆனால் எட்டு வருடம், ஒரு வருடம் என்று அவர் போடும் கணக்கில் இரண்டு எண்களுமே சரியில்லை. எட்டு என்பது அநேகமாக எட்டாக இருக்காது. ஒன்று என்பது நிச்சயமாக ஒன்று இல்லை.

தம்பியின் அறையில் உலவும் அந்த 'ஆறு மாதம்' எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்கிறேன். 2022 கோடையில் வாக்னர் என்ற தனியார் படையின் தலைவர் யெவ்கெனி பிரிகோஷின் ரஷ்யச் சிறைகளுக்குப் போய் ஆள் சேர்க்கத் தொடங்கினார். அந்த செப்டம்பரில் வெளியான ஒரு காணொளியில், சிறை வளாகத்தில் கைதிகள் சூழ்ந்து நிற்க, ஆறு மாதம் சண்டை போட்டால் மன்னிப்பு, வந்தபின் மறுத்தால் தப்பியோடியவர் என்று சுட்டுவிடுவோம், முடிவு செய்ய ஐந்து நிமிடம் என்று அவர் பேசுவதைக் கேட்கலாம். கைதியின் உழைப்பைத் தனியார் கையில் கொடுக்கக் கூடாது என்று 1930ஆம் ஆண்டின் கட்டாய உழைப்பு உடன்படிக்கை சொல்கிறது. ரஷ்யாவும் அதை ஏற்ற நாடுதான். இருந்தும் நடந்தது.

ஆறு மாதம் முடித்து உயிரோடு திரும்பியவர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது உண்மை. 2023 தொடக்கத்தில் சிலர் விடுதலையாகி வீட்டுக்கே போனார்கள். சிறைக்குள் இன்றும் வாய்வழியாக உலவுவது அவர்களுடைய கதை. திரும்பாதவர்களின் கதையைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. சுமார் 50,000 கைதிகளைச் சேர்த்ததாகவும் அவர்களில் ஐந்தில் ஒருவர் இறந்ததாகவும் 2023 மே மாதம் பிரிகோஷினே சொன்னார். பின்னர் பிபிசியும் மீடியாஸோனா என்ற ரஷ்யச் செய்தித் தளமும் வாக்னரின் இழப்பீட்டு ஆவணங்களைப் பார்த்து வெளியிட்ட கணக்கு இன்னும் மோசம்: சேர்க்கப்பட்ட கைதிகள் 48,000-க்குச் சற்று மேல், உக்ரைனின் பாக்முத் நகருக்கான சண்டையில் மட்டும் இறந்த கைதிகள் 17,000-க்கு மேல். மூன்றில் ஒருவருக்கும் அதிகம். ஒரே ஒரு நகரத்துக்காக.

அந்த ஏற்பாடும் இப்போது இல்லை. 2023 பிப்ரவரியில் வாக்னர் சிறைகளில் ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. வேலையைப் பாதுகாப்பு அமைச்சகம் எடுத்துக்கொண்டு, கைதிகளை வைத்துத் தனித் தாக்குதல் பிரிவுகளை அமைத்தது. 2023 ஜூனிலும் 2024 மார்ச்சிலும் புதுச் சட்டங்கள் வந்தன. தீர்ப்பு பெற்ற கைதிகளோடு, உங்கள் தம்பியைப் போல இன்னும் விசாரணையில் இருப்பவர்களையும் சேர்க்க வழி பிறந்தது. 2024 அக்டோபரில் நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருப்பவர்களுக்கும் அது விரிந்தது. இந்தச் சட்டங்களில் ஆறு மாதம் என்ற பேச்சே கிடையாது. அறையில் கேட்பது பழைய செய்தி, நீட்டப்படுவது புதிய காகிதம். தம்பிக்கு இந்த வேறுபாடு புரிந்தாக வேண்டும்.

சரி, உங்கள் முதல் கேள்வி. வழக்கு போய்விடுமா? கையெழுத்துப் போட்ட அன்று போகாது. விசாரணையை நிறுத்தி வைப்பார்கள், அவ்வளவுதான். அவர் அரசு விருது பெற்றாலோ, சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றால் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டாலோதான் வழக்கு முடிவுக்கு வரும். வயது வரம்பைத் தாண்டுவது, உடல் தகுதி இழப்பது, போர்க்கால நிலை முடிவது ஆகியவைதான் அந்தக் காரணங்கள். உங்கள் தம்பிக்கு 26 வயது. அப்படியானால் மிச்சம் இருப்பவை பதக்கம், ஊனம், போரின் முடிவு. அதுவரை வழக்கு அலமாரியில் இருக்கும். நடுவில் படையை விட்டு ஓடினால் பழைய வழக்கோடு புதிய வழக்கும் சேரும்.

இரண்டாவது கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒரு வருடத்தில் விடுவார்களா? காகிதத்தில் ஒரு வருடம் என்றே அச்சாகியிருக்கலாம். வந்தவர்கள் சொன்னது அந்த அளவில் பொய்யல்ல. ஆனால் 2022 செப்டம்பர் 21 அன்று ரஷ்ய அதிபர் பகுதி அணிதிரட்டலை, அதாவது ஒரு பகுதி ஆட்களைப் படைக்கு அழைப்பதை, அறிவித்துப் பிறப்பித்த ஆணையில், ராணுவ ஒப்பந்தங்கள் எல்லாம் அணிதிரட்டல் காலம் முடியும்வரை தொடரும் என்று ஒரு விதி இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிய தேதி வந்தாலும் ஆள் வெளியே வர முடியாது. ஆள் திரட்டும் வேலை அந்த ஆண்டே முடிந்தது என்றார்கள், ஆனால் அந்தக் காலம் முடிந்தது என்று முறைப்படி ஆணை எதுவும் வரவில்லை. நீதிபதி எட்டு ஆண்டு கொடுத்தாலும் அது முடிகிற நாளைக் காலண்டரில் குறித்து வைக்கலாம். இந்த ஒப்பந்தத்துக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அப்பாவிடம் இதைத்தான் நீங்கள் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

குடியுரிமை தருகிறோம் என்றார்களே, எனக்கு அதில்தான் பெரிய பயம். போருக்காக ஒப்பந்தம் போடும் வெளிநாட்டவர் எளிய முறையில் ரஷ்யக் குடியுரிமை பெறலாம் என்று 2024 ஜனவரியில் ஓர் ஆணை வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நம் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவைப் பாருங்கள். ஓர் இந்தியர் தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் அந்த நொடியே அவர் இந்தியக் குடிமகன் இல்லை. இன்று தம்பிக்காகக் கதவைத் தட்டும் உரிமை இந்தியத் தூதரகத்துக்கு இருக்கிறது. அவர் ரஷ்யக் குடிமகன் ஆகிவிட்டால், 'எங்கள் நாட்டுச் சிப்பாயைப் பற்றிக் கேட்க நீங்கள் யார்' என்று அவர்கள் திருப்பிக் கேட்கலாம். அவரிடம் நீட்டும் காகிதக் கட்டில் குடியுரிமை விண்ணப்பமும் சேர்ந்தே இருக்கலாம். மொழி தெரியாதவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

'அவனாகத்தானே கையெழுத்துப் போடுகிறான், யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லையே' என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தொழிலில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் இளைஞருக்காக வாதாடினேன். செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தார். ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். 'போட்டால் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள் சார்' என்றார். அடிக்கவில்லை, மிரட்டக்கூட இல்லை. பூட்டிய அறையில் இருப்பவருக்கு 'வெளியே' என்ற ஒரு சொல் போதும், அதற்குப் பின்னால் வரும் எதுவும் காதில் ஏறாது. அந்தக் கையெழுத்தை உடைக்க எனக்கு மூன்று வருடம் ஆனது.

உலகம் இதை அறியாமல் இல்லை. காவலில் இருப்பவர்களின் பாதுகாப்புக்காக ஐ.நா. பொதுச்சபை 1988இல் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளில் 22ஆவதைப் பாருங்கள். ஒரு கைதியின் உடல்நலத்துக்குக் கேடு வரக்கூடிய மருத்துவ ஆய்வை, அவரே சம்மதித்தாலும் அவர் மீது நடத்தக் கூடாது என்கிறது. 'சம்மதித்தாலும்' என்ற அந்தச் சொல்லை எழுதியவர்களுக்குச் சிறை என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. ஒரு மாத்திரையைச் சோதிக்கவே கைதியின் சம்மதம் போதாது என்றால், பீரங்கிக்கு முன்னால் நிறுத்த அது எப்படிப் போதும்? கைதிகளைப் போருக்கு எடுப்பதை நான் எதிர்ப்பதன் காரணம் இதுதான். போரிடுவது சரியா தவறா, யார் பக்கம் நியாயம் என்பதெல்லாம் தனி விவாதம். மறுக்கும் நிலையில் இல்லாத ஒருவரிடம் உயிரைக் கேட்பதை எந்தப் பக்கம் செய்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

உக்ரைனும் 2024 மே மாதம் கைதிகளைப் படையில் சேர்க்கச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே ஒவ்வொருவரையும் நீதிமன்றம் விசாரித்துத்தான் நிபந்தனையோடு விடுவிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கொலை செய்தவர்கள், பாலியல் வன்முறைக் குற்றவாளிகள் போன்றோரைச் சேர்க்க முடியாது. விதி மேலானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பூட்டிய அறையில் கேட்கும் கேள்வி அங்கேயும் அதே கேள்விதான்.

இதெல்லாம் புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் சோவியத் முகாம்களிலிருந்து லட்சக்கணக்கான கைதிகள் படைக்கு அனுப்பப்பட்டார்கள். முதல் உலகப் போரில் நம் இந்தியச் சிறைகளிலிருந்தே பதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தண்டனைக் குறைப்பு என்று சொல்லி, சுமை தூக்கவும் கூலி வேலைக்கும் மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) கப்பலேற்றினார்கள் ஆங்கிலேயர்கள். ஆள் பற்றாக்குறை வரும்போதெல்லாம் ஆட்சியாளர்களின் கண் முதலில் போவது பூட்டிய கதவுகளின் பக்கம்தான்.

உங்கள் தம்பியைப் போன்ற வெளிநாட்டவருக்கு இதற்கு முன் என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரஷ்யச் சிறையில் இருந்த ஜாம்பியா நாட்டு மாணவர் ஒருவர் 2022 செப்டம்பரில் உக்ரைன் போர்முனையில் இறந்தார். அவர் எப்படி அங்கே போனார் என்று கேட்டு அந்நாட்டு அரசு விளக்கம் கோர வேண்டியிருந்தது. அடுத்த மாதமே தான்சானியா நாட்டு இளைஞர் ஒருவரும் அதே போல் இறந்தார். இருவரும் படிக்கப் போனவர்கள். 2025 அக்டோபரில் உக்ரைன் படையினர் வெளியிட்ட ஒரு காணொளியில், சரணடைந்த இந்திய இளைஞர் ஒருவர், சிறைத் தண்டனையிலிருந்து தப்பிக்கவே ஒப்பந்தம் போட்டதாகச் சொன்னார்.

இனி அந்த எட்டு வருடத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அடிபட்டவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. தவறாக நினைக்காதீர்கள், தம்பியின் விடுதலைக்கான வழி அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. அவர் எப்படி இருக்கிறார், நினைவு திரும்பியதா, வேலைக்குப் போகிறாரா, அவருடைய குடும்பம் எங்கே? விசாரியுங்கள். மன்னிப்புக் கேளுங்கள். மருத்துவச் செலவை முழுக்கவோ கொஞ்சமோ ஏற்றுக்கொள்ளுங்கள். அதையெல்லாம் தம்பியின் வழக்கறிஞர் மூலம், ரசீதோடு செய்யுங்கள். இது மனிதத்தன்மை என்பதற்காகவே செய்ய வேண்டியது. அதோடு சட்டத்திலும் இதற்கு மதிப்பு உண்டு. ரஷ்யக் குற்றவியல் சட்டப்படி, பாதிக்கப்பட்டவருக்கு ஏற்பட்ட கேட்டைத் தாமாக முன்வந்து ஈடுசெய்தவருக்கு, தண்டனையைக் கூட்டும் காரணங்கள் வேறு எதுவும் இல்லாவிட்டால், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொடுக்க முடியாது. எட்டு ஆண்டு என்றால் ஐந்து ஆண்டு நான்கு மாதம்தான் உச்சம். விசாரணைக் காவலில் கழித்த நாட்களும் வீணாகாது. பொதுவகைச் சிறைக்கு அனுப்பப்பட்டால், இது போன்ற வழக்கில் காவலில் இருந்த ஒரு நாளை ஒன்றரை நாளாகக் கணக்கிடுவார்கள். இந்த நான்கு மாதம் ஆறு மாதமாகக் கழியும். அப்புறம், இத்தகைய குற்றத்தில் பாதித் தண்டனை முடிந்ததும் நிபந்தனையோடு முன்கூட்டிய விடுதலை கேட்கலாம். கேட்டால் கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை, வெளிநாட்டவருக்கு அது கடினமும்கூட. ஆனாலும் கேட்கும் உரிமை உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வாதாட வேண்டிய ஒன்று இருக்கிறது. தள்ளினார், அவர் விழுந்தார். மண்டை உடைய வேண்டும் என்று நினைத்துத் தள்ளினாரா? காயம் கவனக்குறைவால் ஏற்பட்டது என்று காட்ட முடிந்தால் சட்டப்பிரிவே மாறிவிடும், தண்டனை வெகுவாக இறங்கும். அரசு நியமித்த வழக்கறிஞர் இந்தக் கோணத்தைப் பார்த்தாரா என்று கேளுங்கள். தீர்ப்பு இறுதியானபின் இன்னொரு வழியும் உண்டு. தண்டனைக் கைதிகளை மாற்றிக்கொள்ள இந்தியாவும் ரஷ்யாவும் 2013இல் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. இரு அரசுகளும் ஒப்புக்கொண்டால் மிச்சத் தண்டனையை இந்தியச் சிறையில் கழிக்கலாம். காகிதங்கள் மெதுவாகத்தான் நகரும். ஆனால் வாரம் ஒரு முறை நீங்களும் அப்பாவும் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் அவர் இருப்பார்.

போருக்குப் போனால் அடிபட்டவருக்குக் கிடைப்பது என்ன? ஒன்றுமில்லை. இதைச் சொல்லும்போது அன்னா பொலித்கோவ்ஸ்கயாவின் குடும்பம் நினைவுக்கு வருகிறது. 2006இல் மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் அவர். அந்தக் கொலையில் பங்கிருந்ததாக 20 ஆண்டு தண்டனை பெற்ற முன்னாள் காவல்துறையாளர் ஒருவர், உக்ரைனில் போரிட்டதற்காக மன்னிக்கப்பட்டு வெளியே வந்துவிட்டது 2023 நவம்பரில் தெரியவந்தது. அந்தத் தண்டனை கிடைப்பதற்காக அன்னாவின் பிள்ளைகள் 2014 வரை காத்திருந்தார்கள். அதை எடுத்துவிட யாரும் அவர்களிடம் அனுமதி கேட்கவில்லை.

இப்போது செய்ய வேண்டிய வேலைகள். மாஸ்கோவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும் ஒரு மனு கொடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், கைதான தேதி, காவல் இடத்தின் பெயர், வழக்கு எண், வழக்கறிஞரின் தொலைபேசி எண் எல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். 'ராணுவ ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்படி கேட்கிறார்கள், அவருக்கு விருப்பமில்லை' என்பதை முதல் வரியில் எழுதுங்கள். வழக்கு விவரம் கீழே வரட்டும். அவசரம் எதுவென்று படிப்பவருக்கு உடனே தெரிய வேண்டும்.

தம்பியும் உள்ளிருந்து ஒரு வேலை செய்ய வேண்டும். தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவுப்படி, காவலில் இருக்கும் வெளிநாட்டவர் கேட்டுக்கொண்டால் அவருடைய தூதரகத்துக்குத் தாமதமில்லாமல் தகவல் தர வேண்டும். தூதரக அதிகாரி நேரில் போய்ப் பார்க்கவும் உரிமை உண்டு. 'கேட்டுக்கொண்டால்' என்பதைக் கவனியுங்கள். அவர் எழுத்தில் கேட்க வேண்டும். ரஷ்ய நடைமுறைச் சட்டப்படி, மொழி தெரியாதவருக்கு இலவச மொழிபெயர்ப்பாளரும் கட்டாயமாக ஒரு வழக்கறிஞரும் தர வேண்டும். ஆகவே யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அவர் சொல்ல வேண்டிய ரஷ்ய வாக்கியம் ஒன்றே: 'பெஸ் பெரெவோத்சிகா இ அத்வகாதா நிச்செவோ நெ பத்பிஷு.' மொழிபெயர்ப்பாளரும் வழக்கறிஞரும் இல்லாமல் எதிலும் கையெழுத்திட மாட்டேன் என்று பொருள். தொலைபேசியில் இதை நீங்கள் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லட்டும். மனப்பாடம் ஆக வேண்டும்.

ஏற்கெனவே போட்டிருந்தால்? எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தின் நகல், தேதி, எந்தப் பிரிவுக்கு அனுப்பினார்கள் என்ற எண் ஆகியவற்றை எப்படியாவது வாங்கி உடனே தூதரகத்துக்குக் கொடுங்கள். ரஷ்ய ராணுவத்தில் சிக்கிய இந்தியர்களை விடுவிக்கும்படி இந்தியா தொடர்ந்து கேட்டு வருகிறது, 2024 ஜூலையில் மாஸ்கோ போன பிரதமரும் அதைப் பேசினார். 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்குப்படி, அதுவரை தெரியவந்த 126 பேரில் 96 பேர் திரும்பிவிட்டார்கள். 12 பேர் இறந்தார்கள், 16 பேரைக் காணவில்லை. இவர்களில் பெரும்பாலோர் வேலை என்று ஏமாற்றிச் சேர்க்கப்பட்டவர்கள். உங்கள் தம்பிக்கு நிலுவையில் ஒரு வழக்கும் இருப்பதால் அவரை மீட்பது இன்னும் கடினம். முடியாதது என்று மட்டும் சொல்ல மாட்டேன். 'பணம் கொடுத்தால் பெயரை எடுத்துவிடுகிறேன்' என்று யாராவது தொலைபேசியில் வந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஆட்களை ஏமாற்றி அந்தப் போருக்கு அனுப்பிய முகவர்கள் மீது 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் பதிவு செய்திருக்கிறது. தம்பியை அனுப்பிய முகவரின் பெயர், அவருக்குக் கொடுத்த பணத்தின் ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

படையில் சேர்த்தபின் ஓடி வந்துவிடு என்று சொல்லிவிடாதீர்கள். அதற்கு நீண்ட சிறைத் தண்டனை உண்டு, அதைவிட மோசமானதும் நடக்கலாம். ஒருவேளை அவர் எதிர்த்தரப்பிடம் பிடிபட்டால், 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை அவரையும் போர்க்கைதியாகவே நடத்தச் சொல்கிறது. சிறையிலிருந்து வந்தவர் என்பதால் அந்தப் பாதுகாப்பு குறையாது. விசாரித்தால் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் ஆகியவற்றுக்கு மேல் அவர் எதையும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. தகவலே வராமல் போனால் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் தேடுதல் பிரிவில் குடும்பத்தினர் மனு கொடுக்கலாம். அந்த நிலை வராது என்று நம்புவோம், ஆனால் வழி தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். அடுத்த அழைப்பில் தம்பி முதலில் எதிர்பார்ப்பது அவருடைய குரலைத்தான். 'உன்னால் எங்களுக்கு அவமானம்' என்ற வார்த்தையோ 'சீக்கிரம் எப்படியாவது வந்துவிடு' என்ற வார்த்தையோ அந்த இரண்டு நிமிடத்தில் வர வேண்டாம். அவமானமும் அவசரமும்தான் உள்ளே இருப்பவர்களைக் கையெழுத்துப் போட வைக்கின்றன. 'நாங்கள் வக்கீல் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம், எத்தனை நாள் ஆனாலும் காத்திருக்கிறோம், நீ எதிலும் கையெழுத்துப் போடாதே' என்று அப்பா தன் வாயால் சொல்லட்டும். குற்றச்சாட்டுப் பத்திரத்தின் நகல் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். எந்தப் பிரிவில் வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மீண்டும் எழுதுகிறேன்.